டிரீமா நட்ட கரை

ஜூன் வெள்ளம் வடிந்த அன்று காலை ஓக்கி கோகர் சமையலறையின் பின்கதவைத் திறந்து பார்த்தார். கொல்லையில் பாதியைக் காணவில்லை. துணி காயப்போடும் கம்பங்கள், கொட்டகை, அதற்குள் நின்ற புல்வெட்டும் வண்டி, அந்த வண்டியில் உட்கார்ந்து அவர் வாராவாரம் ஒட்ட வெட்டி வைத்த புல்தரை என எல்லாவற்றையும் பிளம் ஃபோர்க் ஓடை வாரிக்கொண்டு போயிருந்தது. புல் இருந்த இடத்தில் மஞ்சள் மண் செங்குத்தாக வெட்டிவிட்டது போல நின்றது. அதற்குக் கீழே ஓடை ஒன்றுமே நடக்காதது மாதிரி சலசலத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு சாலைக்கு எதிர்ப்பக்கம், மேட்டில். நானும் ஓக்கியின் மனைவி டிரீமாவும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள். காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே அவள் வீட்டுச் சேதி எனக்கும் என் வீட்டுச் சேதி அவளுக்கும் வந்துவிடும். அதனால் இதில் நான் கண்ணால் பார்த்ததும் உண்டு, அவள் மாவு பிசைந்துகொண்டே சொன்னதும் உண்டு.

ஓக்கி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மேற்கூரைக் கல் விழுந்து முதுகு போனதிலிருந்து கைத்தடிதான். வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது டிரீமா அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, படிப்படியாகப் பரணுக்கு ஏற்றியிருக்கிறாள். அவர் கனமான ஆள். இரண்டு பேருமாக அங்கே கிடந்து, கீழே நாற்காலிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

மறுவாரமே ஓக்கி பேச்சை எடுத்துவிட்டார். மகள் டாம்ரா கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறாள், அவள் வீட்டுக் கீழ்த்தளம் காலியாகத்தான் கிடக்கிறது, அங்கே போய்விடலாம் என்றார். டிரீமா முடியாது என்றாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள், அவித்த பீன்ஸையும் சோள ரொட்டியையும் அவர் முன்னால் வைத்தபோது ஓக்கி சொன்னார்:

"தண்ணி வந்தா நீ ஓடிருவ டிரீமா. என்னால ஓட முடியாது. என்னை விட்டுட்டு நீயும் ஓடமாட்ட. அதுதான் எனக்குப் பயம்."

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள். மழை பிடித்துக்கொண்டால் உடனே மேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதற்கு ஓக்கி முரண்டு பிடிக்கக்கூடாது. கரையை அவள் சரிசெய்வாள். செய்த பிறகும் ஓடை இன்னொரு முறை கரையைத் தின்றால், மறுபேச்சில்லாமல் கொலம்பஸ். கைகுலுக்கிக்கொண்டார்களாம், ஏதோ மாடு விற்றவர்கள் மாதிரி.

கரையைச் சரிசெய்வது என்றால் எங்கள் பள்ளத்தாக்கில் பாறையைக் கொண்டுவந்து கொட்டுவது என்றுதான் அர்த்தம். ஆனால் பாறை லாரி அவர்கள் கொல்லைக்குள் நுழைய வழி கிடையாது. டிரீமா ஓடையோடு கீழே நடந்து பார்த்துக்கொண்டே போனாள். தேவாலயத்துக்குப் பின்னால் ஓடை திரும்பும் இடத்தில், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு காடு உண்டு. அங்கே வில்லோ மரமும் ஆல்டர் மரமும் டாக்வுட் புதரும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பின்னிக்கிடக்கும். நடுவில் வெளுத்த பட்டையோடு ஒரு பெரிய சிக்கமோர் மரம். அவ்வளவு பெரிய வெள்ளத்துக்கும் அந்த இடத்தில் கரை அப்படியே இருந்தது. யாருடைய காரின் முன்மூடியோ, ஓக்கியின் கொட்டகைக் கதவோ, எல்லாம் அந்தப் புதரில் சிக்கி நின்றன.

"கதவைத் திருப்பி எடுத்துட்டு வரலாம்னுதான் போனேன் வெல்வா," என்று என்னிடம் சொன்னாள். "இழுக்கவே முடியல. ஒரு கதவையே இந்தப் பிடி பிடிக்குதே, என் மண்ணைப் பிடிக்காதான்னு தோணிச்சு."

மாவட்ட மண்பாதுகாப்பு அலுவலகத்தில் போய் விசாரித்தாள். அங்கிருந்த பெண் அவளை உட்கார வைத்து விவரமாகச் சொல்லியிருக்கிறாள். இலை உதிர்ந்த பிறகு, மொட்டு விரிவதற்கு முன்னால், கட்டைவிரல் தடிமனுள்ள கிளைகளாக வெட்ட வேண்டும். அடிமுனையைச் சாய்வாகச் சீவி, சில நாள் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரமான கரையில் முக்கால் பங்கு உள்ளே போகும்படி அடித்து இறக்க வேண்டும். வேர் தானாக விடும். வில்லோவும் டாக்வுட்டும் இந்த மண்ணிலேயே பிறந்தவை, ஓடைத் தண்ணீரில் நின்று பழகியவை. அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனிக்காலம் முடியும் தறுவாயில், பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் காட்டில் கிளை வெட்ட ஆரம்பித்தாள். சனி ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. வெட்டியவற்றைக் கட்டுக்கட்டாகக் கட்டி வீட்டுக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டாள். ஓக்கி குளிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் துண்டோடு வாசலில் நின்று, "என் தொட்டியில இப்ப ஒரு காடு குளிச்சிட்டிருக்கு," என்றார்.

குச்சிகளை அவள் அடித்து இறக்கியபோது சாலையில் போகிற வண்டியெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்துப் போயின. செத்த குச்சிக்கு எப்போது கல்யாணம் என்று ஒருவர் கேட்டார். மான் தின்ன மேசை போட்டுவிட்டாள் என்றார் இன்னொருவர். டிரீமாவின் சுத்தியல் நிற்கவில்லை. கீழ்ப்பக்கம் ஓடை முட்டித் திரும்பும் இடத்தில் மட்டும் தடித்த முளைகளை வரிசையாக அடித்து, அவற்றுக்கு இடையே நீண்ட கிளைகளைக் கூடை முடைவது போல முடைந்து வைத்தாள்.

ஏப்ரலில் குச்சிகள் துளிர்விட்டன. முதல் துளிரை அவள் பார்த்த அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டி ஆப்பிள் கூழ் கூடுதலாகக் கிடைத்தது.

அந்தச் சந்தோஷம் மே மாதத்தோடு சரி. மே மாதத்தில் மூங்கில் வந்தது.

நாங்கள் மூங்கில் என்று சொல்வது உண்மையில் மூங்கில் இல்லை. எந்தக் காலத்திலோ ஜப்பானிலிருந்து யாரோ அழகுக்காகக் கொண்டுவந்த செடி. கணுக்கணுவாக, ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஒரு விரல்நீளத் துண்டு போதும், விழுந்த இடத்தில் முளைத்துவிடும். அதன் நிழலில் வேறெதுவும் பிழைக்காது. குளிரில் தண்டு செத்துப்போக, கரை மொட்டையாக நிற்கும். கோகர் வீட்டுக்கு மேல்பக்கம் ஜூனியர் டாக்கெட்டின் நிலம். அங்கே ஓடைக்கரை நெடுக அதுதான். வெள்ளம் அதன் துண்டுகளை வாரிக்கொண்டு வந்து டிரீமாவின் கரையில் விதைத்துவிட்டிருந்தது. அவள் தினமும் வெட்டினாள். தினமும் புதிதாக முளைத்தது.

கடைசியில் ஜூனியர் வீட்டுக்குப் போனாள். நானும் உடன் போனேன். ஜூனியர் தேனீ வளர்ப்பவர். கோடை முடியும்போது மற்ற பூக்களெல்லாம் ஓய்ந்த நேரத்தில் இந்த மூங்கில்தான் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். அந்தத் தேன் கருஞ்சிவப்பாக, பாகு மாதிரி இருக்கும். மாவட்டச் சந்தையில் அவருக்கு அந்தத் தேனால்தான் பெயர். இருக்கும் நிலத்தில் அவர் வளர்க்காமலே வளர்ந்து, கேட்காமலே கொடுக்கிற ஒரே பயிர் அது.

டிரீமா தன் தரப்பைச் சொன்னாள். உன் மூங்கிலை வெட்டுவது என் வேலை, நீ கைகூட வைக்க வேண்டாம், பதிலுக்குக் கோல்டன்ராடும் ஆஸ்டரும் நட்டுத் தருகிறேன், அதுவும் அதே பருவத்தில் பூப்பதுதான் என்றாள்.

ஜூனியர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ நடுறது பூக்க எத்தனை வருஷம் ஆகும்?"

"ரெண்டு மூணு."

"அதுவரைக்கும் என் தேனீ என்ன, உன் சமையலறையில வந்து வரிசையில நிக்குமா?"

"உன் கரையும் ஒருநாள் போயிடும் ஜூனியர். மூங்கிலுக்கு வேர் இருக்கே தவிர பிடி இல்ல."

"போகும்போது பாத்துக்கலாம். நீ உன் குச்சியைப் பாரு."

 டிரீமா தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு நேராகக் கரைக்குப் போனாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து வரும்போதே வானம் கறுத்துவிட்டது. பேசிவைத்தபடி டிரீமா ஓக்கியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மழை இரண்டு மணி நேரம்தான் பெய்தது, ஆனால் மலை மொத்தமும் ஓடைக்குள் இறங்கினாற்போல் இருந்தது. மழை விட்டதும் மூவரும் இறங்கிப்போய்ப் பார்த்தோம். மேல்பக்கத்துக் குச்சிகளில் பெரும்பாலானவை மண்ணோடு போய்விட்டன. இன்னும் வேர் ஆழம் போகாத குச்சிகள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜூனியரின் கரை பொத்தென்று சரிந்தது. மூங்கில் புதர் முழுசாக, நின்ற நிலையிலேயே, தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அதன் பின்னால் வெள்ளைப் பெட்டிகள் மிதந்து வந்தன.

தேனீப் பெட்டிகள். முதல் இரண்டும் நடு ஓடையில் உருண்டு, திறந்து, சிதறிப் போயின. மூன்றாவது, பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டி, கரையோரமாக வந்து டிரீமா முடைந்து வைத்த வேலியில் முட்டிச் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு அலைக்கும் வேலி வளைந்து கொடுத்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு உறுமல், மோட்டார் ஓடுவது போல.

டிரீமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். நான் அவள் ஆடையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு கையால் வேலி முளையையும் மறுகையால் பெட்டியின் பட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜூனியரைக் கூப்பிட ஓடினேன். ஓக்கி கைத்தடியை எறிந்துவிட்டு, வீட்டோரம் நின்ற காரிலிருந்து இழுவைக் கயிற்றை எடுத்து, அதன் ஒரு முனையைக் காரிலேயே கட்டி மறுமுனையை அவளிடம் வீசினார். எப்படி அவ்வளவு விரைவாக நடந்தார் என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. அவள் கயிற்றைப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். விளிம்பு வழியாக வந்த தேனீக்கள் அவள் முகத்திலும் கழுத்திலும் கையிலும் கொட்டின. நான் ஜூனியரோடு திரும்பியபோது அவள் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பிடி மட்டும் விடவில்லை.

பெட்டியை மேட்டுக்கு ஏற்றி, ஜூனியர் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தெரியாதவர். சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை ஓடையில் நனைத்துப் பிழிந்து அவளிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நான் அவள் கழுத்தில் சமையல் சோடா குழைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். ஓக்கி ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கே கொலம்பஸ் பேச்சு இன்று வேண்டாமே என்றிருந்தது. டிரீமாதான் ஆரம்பித்தாள்.

"மேல்பக்கம் போயிடுச்சு. சொன்ன சொல் சொன்னதுதான். வீட்டை விக்கப் போட்டுரு."

ஓக்கி அதை எதிர்பார்க்கவில்லை. "நீ சண்டை போடுவன்னு நினைச்சேன்."

"எதுக்கு? ஆனா ஒண்ணு கேளு. வாங்க வர்றவன் பின்கதவைத் திறந்து பாப்பான். திறந்தா நேரா ஓடை. எவன் வாங்குவான்? விக்கிறதுக்காவது கரை வேணுமா இல்லியா?"

ஓக்கி அவளுடைய திறந்திருந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவளைப் பத்தி எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்," என்றார்.

அப்படியாக, முன்வாசலில் விற்பனைப் பலகை நின்றது, பின்பக்கம் வேலை நடந்தது. இலையுதிர் காலத்தில் ஜூனியர் தானாக வந்து, ஓடையோரத்தில் தன் மூங்கிலில் கீழ்ப்பாதியை வெட்டிக்கொள்ளலாம் என்றார். மேல்பாதியைத் தொடக்கூடாது. அவரும் கூட நின்று வெட்டினார். வெட்டிய தண்டில் ஒரு துண்டுகூட ஓடையில் விழாதபடி தார்ப்பாயில் போட்டுக் காயவைத்து எரித்தார்கள். மறுபடி முளைக்க முளைக்க வெட்ட வேண்டும், அதற்கு மேல் வைத்தியம் இல்லை. வேரில் உள்ள சத்து தீர்ந்துபோகும்வரை விடாமல் வெட்டினால் ஒருநாள் ஓயும்.

ஒரு வசந்தகாலம் முழுக்கத் தன் மனைவியும் ஜூனியர் டாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த ஓக்கி, ஒருநாள் ஒரு வாளியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வந்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கை எட்டும் தூரத்திலுள்ள மூங்கில் முளைகளையெல்லாம் வெட்டினார். பிறகு வாளியை ஒரு அடி நகர்த்தினார். ஜூனியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உன் வேலையைப் பாரு," என்றார் ஓக்கி. அதன்பிறகு மழையில்லாத நாளெல்லாம் அவர் வாளி கரையில்தான் இருந்தது.

டிரீமா இந்த முறை பொறுமையாக நட்டாள். தண்ணீரை ஒட்டி வில்லோவும் டாக்வுட்டும், முன்னைவிட ஆழமாக, சாய்த்து. அதற்கு மேலே வேரோடு வாங்கிய ஆல்டர் கன்றுகள், மான் கடிக்காமல் கம்பிவலை சுற்றி. மணல்திட்டில் தானாக முளைத்த சிக்கமோர் கன்றுகளைப் பெயர்த்து வந்து வைத்தாள். கரைக்கு மேலே, கொல்லையில் மிஞ்சியிருந்த இடத்தில், ஜூனியருக்குக் கொடுத்த வாக்குப்படி கோல்டன்ராடும் ஆஸ்டரும் ஆளுயரத்துக்கு வளரும் ஜோ-பை பூவும். முதல் வருடம் பார்க்கக் களை மாதிரிதான் இருந்தது. இரண்டாம் வருட ஆகஸ்டில் ஜோ-பை செடிகளின் ஊதாத் தலைகளில் வண்ணத்துப்பூச்சிகள் இடம் கிடைக்காமல் சுற்றிப் பறந்தன. செப்டம்பரில் கொல்லை முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஜூனியர் தேனடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய கருஞ்சிவப்பு இல்லை, பொன்னிறம். காலுறை நாற்றம் அடிக்கிறது என்றார். கோல்டன்ராட் தேன் பெட்டியில் பழுக்கும்போது அப்படித்தான் நாறும். சந்தையில் அது முழுதும் விற்றுப்போனதை மட்டும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னாள்.

இடையில் வீடு பார்க்க ஓரிருவர் வந்து போனார்கள். பிடித்துப்போனது பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குத்தான். அமைதியான, மரியாதையான மனிதர்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், விலை பேசவில்லை, கேட்டதைக் கொடுக்கத் தயார் என்றார்கள். டிரீமா அவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொடுத்த வாக்கு என்றால் அவளுக்குக் கொடுத்த வாக்குதான்.

அந்த மனிதர் ஓக்கியோடு பின்பக்கம் வந்தார். வில்லோ அதற்குள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது.

"இந்தப் புதரையெல்லாம் எடுத்துட்டா வீட்டுக்குள்ள இருந்தே ஓடை தெரியும், இல்லீங்களா?"

"தெரியும்," என்றார் ஓக்கி. "எடுத்துட்டு என்ன வைப்பீங்க?"

"புல்லுதான். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குமே."

ஓக்கி கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க," என்றார். "உங்களை இவ்வளவு தூரம் வரவச்சிருக்கக் கூடாது. வீடு விக்கிறதுக்கு இல்லை."

அவர்கள் கார் சாலையில் மறைந்ததும் ஓக்கியே முன்வாசலுக்குப் போய்ப் பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். டிரீமா உதவிக்குப் போகவில்லை. சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே வந்ததும், "நான் வாக்குக் கொடுத்திருந்தேன்," என்றாள்.

"எனக்குத்தானே கொடுத்த? நானே திருப்பிக் கொடுத்துட்டேன், போ." மூச்சு வாங்க உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம் வாளியில உக்காந்து வெட்டியிருக்கேன். புல்லு போடுறாராம். என் முதுகுக்கிட்ட கேட்டுட்டுப் போடட்டும்."

டிரீமா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்து கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஏப்ரலில் பெரிய வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்தைவிடத் தண்ணீர் கூடுதலாக வந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கோகர் தம்பதி எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஓக்கி முரண்டு பிடிக்கவில்லை. மேட்டிலிருந்து பார்த்தபோது கொல்லை தெரியவில்லை, பழுப்புத் தண்ணீர்தான். அதற்கு மேலே வில்லோவின் நுனிகள் ஓடும் திசைக்குப் படுத்துக் கிடந்தன. டிரீமா ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் கொடுத்த காப்பி அவள் கையிலேயே ஆறிப்போனது.

தண்ணீர் இறங்கியதும் போய்ப் பார்த்தோம். வில்லோவும் டாக்வுட்டும் சேற்றை அப்பிக்கொண்டு தரையோடு படுத்திருந்தன. அவற்றின் அடியில் மண் அசையவில்லை. ஆல்டர் கன்றுகளில் ஊரின் குப்பையெல்லாம் தொங்கியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த தடம் சுவரில் இருந்தது. கழுவினால் போகும். மேல்பக்க முனையில், ஜூனியரின் மீதி மூங்கிலுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு பெரிய கடி கடித்தது போலக் கரை போயிருந்தது.

ஓக்கி அதைப் பார்த்தார். கொலம்பஸ் என்ற பேச்சே வரவில்லை. "அவன் வீட்டுல இருப்பானா?" என்று மட்டும் கேட்டார்.

டிரீமா ஏற்கெனவே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றில் ரப்பர் காலணி பதியப் பதிய, ஜூனியர் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.